ஒரு நிமிஷம் மிஸ்ஸி

அவருகிட்ட ஏதாவது பேச வாயைத் திறந்தா, முதல்ல ஒரு விரலைத் தூக்குவாரு. "ஒரு நிமிஷம் மிஸ்ஸி." எழுந்து போயி ஃபேனை நிறுத்துவாரு. ஃபிரிட்ஜ் ஓடிக்கிட்டிருந்தா அதையும் அணைப்பாரு. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல அவங்க ஃபிளாட்டுக்குப் பின்னாலயே ரயில் ஓடுது, அதனால ஜன்னலையும் சாத்துவாரு. போனைக் குப்புறக் கவுத்துவாரு. எல்லாம் அடங்கினப்புறம் வந்து எதிர்ல உக்காந்து, கையைக் கட்டிக்கிட்டு, "இப்ப சொல்லுங்க"ம்பாரு. நான் சொல்ல வந்தது டயப்பர் முடிஞ்சு போச்சுங்கிறதா இருக்கும். அதுக்குள்ள எனக்கு வேர்த்து ஊத்தியிருக்கும்.

நான் வீட்டுக்குப் போயி நோயாளிங்களப் பாத்துக்கிற நர்ஸ். இங்க நர்ஸுன்னா எல்லாருக்கும் மிஸ்ஸிதான். தினமும் கிள்ளான்ல கேடிஎம் ரயில் பிடிச்சு கேஎல் சென்ட்ரல்ல இறங்கி, அங்கேருந்து நடந்து அவங்க வீட்டுக்குப் போவேன். வீட்டுல ரெண்டே பேரு. அவரு, அவரோட அப்பா. அப்பாவ நானும் அப்பான்னுதான் கூப்பிட்டேன். வெல்டிங் பட்டறையில காலம் பூரா புகையக் குடிச்ச மனுஷன், நெஞ்சு போயிருச்சு. ஆஸ்பத்திரியில தொண்டைக்குள்ள டியூப் போட்டு எடுத்தப்போ குரலும் போயிருச்சு. வெறும் காத்துதான் வரும். கை நடுக்கத்துல எழுதவும் முடியாது. கட்டில் பக்கத்துல ஆக்ஸிஜன் மெஷின் ராத்திரி பகலா ஓடும். டொக்குன்னு ஒரு சத்தம், அப்புறம் புஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு, மறுபடியும் டொக்கு. அது நின்னா கொஞ்ச நேரத்துல அப்பா உதடு நிறம் மாறிரும். அந்த வீட்டுல எனக்குத் தெரிஞ்ச முக்கியமான விஷயம் அது ஒண்ணுதான்.

அவருக்கு ஷா ஆலாம்ல ஒரு ஃபேக்டரில போர்டு வரையிற வேலை. ரேடியோ, டிவி எதைப் பிரிச்சாலும் உள்ள பச்சையா ஒரு அட்டை இருக்குமே, அதுல எந்த பார்ட்ஸ் எங்க உக்காரணும், எந்தக் கம்பி எந்த வழியாப் போகணும்னு கோடு போடுற வேலை. அப்பாவுக்காக வீட்டுல இருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தாரு. கல்யாணம் ஆகல. ஏன்னு நான் கேக்கல. இந்த ஊர்ல ஃபேன் இல்லாம எவ குடித்தனம் பண்ணுவா.

கேலி பண்றேன்தான். ஆனா ஒண்ணு சொல்லணும். என் வீட்டுக்காரரு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நின்ன நேரம் அது. போனா திரும்பி வரமாட்டாரோன்னு எனக்குள்ள ஒரு பயம். எங்க அம்மாகிட்ட கூட சொல்லல. ஒரு மத்தியானம் சோறு சாப்பிடும்போது என்னையறியாம ஏதோ முனகியிருக்கேன். அவரு விரலைத் தூக்கிட்டாரு. ஃபேன் நின்னுச்சு, ஃபிரிட்ஜ் நின்னுச்சு. எதிர்ல வந்து உக்காந்தாரு. "இப்ப சொல்லுங்க." நான் சொன்னேன். நடுவுல ஒரு வார்த்தை பேசல, தலைகூட ஆட்டல. கடைசியில "ம், கேட்டுச்சு"ன்னு மட்டும் சொன்னாரு. நான் பாத்ரூமுக்குப் போயி முகத்தைக் கழுவிக்கிட்டேன். அதுக்கு முன்னாடி என் பேச்சை அப்படி ஒருத்தரும் கேட்டதில்ல, அதுக்கப்புறமும் கேட்டதில்ல.

அந்தக் குணத்துக்குத்தான் நான் பயப்படவும் செஞ்சேன்.

முதல் தடவை நடந்தது, அப்பாவ ஆஸ்பத்திரிலேருந்து கூட்டிட்டு வந்த புதுசுல. அப்பா ஏதோ சொல்ல வாயை அசைச்சாரு. அவரு குனிஞ்சு காதைக் கொடுத்தாரு. கேக்கல. விரலைத் தூக்கினாரு. ஃபேனை நிறுத்தினாரு, ஜன்னலைச் சாத்தினாரு. நான் சூப் கிண்ணத்தோட நிக்கிறேன், அடுத்து என்ன செய்யப் போறாருன்னு என் மண்டையில ஏறவே இல்ல. குனிஞ்சு ஆக்ஸிஜன் மெஷின் சுவிட்ச்சைத் தட்டிட்டாரு. டொக்கு நின்னு போச்சு. ரூம் அப்படியே கிணறு மாதிரி ஆயிருச்சு. "இப்ப சொல்லுங்கப்பா"ங்கிறாரு. அப்பா கண்ணு ரெண்டும் பிதுங்குது. நான் கிண்ணத்தைக் கீழ வச்சுட்டு ஓடிப்போயி சுவிட்ச்சைப் போட்டேன்.

"அண்ணே, என்ன வேலை பண்றீங்க. இது ஃபேனா?"

"தண்ணி கேட்டாரு மிஸ்ஸி. கேட்டுச்சு"ன்னாரு, சந்தோஷமா. தப்பு பண்ணின மூஞ்சியே இல்ல.

அதுலேருந்து ஒரு விஷயத்தைக் கவனிச்சேன். நான் குளிப்பாட்டும்போது, சூப் ஊட்டும்போதெல்லாம் அப்பா அமைதியாத்தான் இருப்பாரு. அவரு ரூமுக்குள்ள கால் வச்சா போதும், அப்பாவோட உதடு அசைய ஆரம்பிச்சிரும். கை போர்வையைப் பிடிச்சு இழுக்கும். நான் இதை அவருகிட்ட சொன்னேன். அவரும் பாத்திருந்தாரு. "எனக்கு மட்டும் ஏதோ சொல்லணும்னு நினைக்கிறாரு மிஸ்ஸி"ன்னாரு. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. சாகப் போற மனுஷன், ஒரே மகன், மனசுல என்ன இருக்கோ.

ஒவ்வொண்ணாக் கேட்டுப் பாத்தோம். ஆமான்னா கண்ணை மூடுங்கப்பா, இல்லன்னா தலையாட்டுங்க. பசிக்குதா, வலிக்குதா, செலாயாங்ல இருக்கிற அக்காவ வரச் சொல்லவா, பத்துமலைக்கு ஏதாவது வேண்டுதலா, அம்மா நினைப்பா. எல்லாத்துக்கும் தலையாட்டினாரு. மகன் கிட்ட வந்து கேக்கக் கேக்க, தலை இன்னும் வேகமா ஆடுச்சு.

கடையில டீச்சருங்க இடுப்புல கட்டிக்கிற ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. மைக்கை அப்பா வாய்கிட்ட வச்சா, மெஷினோட டொக்கும் புஸ்ஸும்தான் பெருசாக் கேட்டுச்சு, கூடவே ஊன்னு ஒரு ரீங்காரம். மூஞ்சியைச் சுளிச்சாரு பாருங்க, கெட்டுப்போன மீனை மோந்த மாதிரி. "இதுக்குப் பேரு ஹம். கரண்டோட சத்தம். போர்டை ஒழுங்கா வரையத் தெரியாதவன் செஞ்சது"ன்னு அதைத் தூக்கி ஓரமா வச்சாரு. மறுநாளே எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற ஜாலான் பாசாருக்குப் போயி ஒரு பை நிறைய சாமான் வாங்கிட்டு வந்துட்டாரு. அப்பா பேசறதுக்காகவே சொந்தமா ஒரு ஆம்பிளிஃபையர்.

சாப்பாட்டு மேசை போச்சு. ஒவ்வொரு பார்ட்ஸுக்கும் அதே அளவுல அட்டையில துண்டு வெட்டி, மேசை மேல நகத்தி நகத்தி வச்சுக்கிட்டிருப்பாரு. நான் மூலையில தட்டை வச்சுச் சாப்பிடுவேன். கல்யாண வீட்டுல பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரங்களுக்கு நாற்காலி போடுற மாதிரி யோசிப்பாரு. டிரான்ஸ்ஃபார்மரை மைக் ஒயர் பக்கம் வச்சுட்டு, தலையை ஆட்டி, அந்தக் கோடிக்குத் தள்ளுவாரு. "சத்தம் போடுறவன் பக்கத்துல காது கொடுக்கிறவன உக்கார வைக்கக் கூடாது மிஸ்ஸி." இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன். கிரவுண்டு கோடுங்கள மட்டும் சிவப்பு பென்சில்ல போடுவாரு. எல்லாம் தனித்தனியா வந்து ஒரே புள்ளியில சேரணுமாம். வழியில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்தா ஹம் உள்ள பூந்திருமாம். ஒரு கோட்டை அழிச்சு அரை இஞ்சு தள்ளிப் போடுறதுக்கு ஒரு மத்தியானம் பூரா உக்காந்திருப்பாரு. அப்புறம் லாப்டாப்ல ஏத்துவாரு, செம்புத் தகட்டுல பதிப்பாரு, வேண்டாத செம்பை மருந்துத் தண்ணியில ஊறப் போட்டுக் கரைப்பாரு. அந்தத் தண்ணிய எதுல கலக்கினாருன்னு நினைக்கிறீங்க. அப்பாவுக்கு மேல் துடைக்கிற பேசின்ல. நான் போட்ட சத்தத்துல கீழ்வீட்டு ஆன்டி மாடிப்படி ஏறி வந்துட்டாங்க. அவரு மெதுவா, "ஆன்டி, வந்ததுதான் வந்தீங்க, மத்தியானம் கொஞ்ச நேரம் பிளெண்டர் போடாம இருக்கீங்களா"ன்னாரு.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாதது என்னன்னா, ஒவ்வொரு போர்டு செஞ்சு முடிச்சதும் அதைச் சோதிச்சாகணும். சோதிக்கணும்னா மெஷின் நிக்கணும்.

நான் சும்மா விடல. மெஷினை ஹாலுக்குத் தள்ளி, நீளமா டியூப் போட்டுப் பாத்தேன். அவ்வளவு மெல்லிசான குரலைப் பிடிக்கிற மைக்கு, ஹால்ல இருந்த டொக்கையும் பிடிச்சுது. அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் இருந்துச்சு, அதை மாட்டிட்டுப் பேசச் சொல்லுங்கன்னேன். மூக்குல காத்து சீறுற சத்தம் மைக்குல புயலா அடிச்சுது. "ரெண்டு நிமிஷம் லா மிஸ்ஸி. நீங்கதான் பக்கத்துல இருக்கீங்களே. ஒண்ணும் ஆகாது." குரல் உயராது. கெஞ்சவும் மாட்டாரு, கோபப்படவும் மாட்டாரு. கத்துற ஆளா இருந்தா நானும் கத்தியிருப்பேன். இந்த மாதிரி ஆளை என்ன செய்ய.

முதல் போர்டு ஹம் அடிச்சுது. அடுத்ததும் அடிச்சுது, கொஞ்சம் கம்மியா. ஒவ்வொரு தடவையும் அவரு சுவிட்ச்சைத் தட்டுவாரு, நான் அப்பா விரல்ல மாட்டின, ஆக்ஸிஜன் அளவு காட்டுற கிளிப்புல நம்பரையே பாத்துக்கிட்டு நிப்பேன். நம்பர் இறங்கும். அப்பாவோட இன்னொரு கை என் மணிக்கட்டைப் பிடிச்சிருக்கும். அந்த ஒல்லிக் கைக்கு அவ்வளவு பலம் எங்கேருந்து வந்துச்சோ, விரல் தடம் பதிஞ்சிரும். மூச்சுத் திணறல்னு நினைச்சேன்.

ஒரு தடவை நம்பர் ரொம்ப இறங்கிருச்சு. "அண்ணே, போடுங்க"ன்னேன். அவரு கண்ணை மூடி ஸ்பீக்கர்கிட்ட காதை வச்சுக்கிட்டு, என் பக்கம் விரலைத் தூக்கினாரு. ஒரு நிமிஷம். அதே விரல்தான். என் புருஷன் கதையக் கேக்க ஃபேனை நிறுத்தின அதே விரல்.  இந்த மனுஷன் அப்பா பேச்சைக் கேக்கறதுக்காக அப்பாவையே கொன்னுருவாருன்னு அன்னிக்குத்தான் பளிச்சுன்னு தெரிஞ்சுது. அவரைத் தள்ளிட்டுப் போயி நானே போட்டேன். அன்னிக்கு சாயங்காலம் சுவிட்ச் மேல குறுக்கும் நெடுக்குமா பிளாஸ்டர் ஒட்டிட்டுப் போனேன். மறுநாள் வந்து பாத்தா பிளாஸ்டர் அழகாப் பிரிச்சு, மடிச்சு, மேசை மேல வச்சிருக்கு. எப்ப பிரிச்சாருன்னு நான் கேக்கல. கேட்டா பதில் சொல்வாரே, அதுதான் பயம்.

செலாயாங் அக்காவுக்குப் போன் போட்டேன். "சின்னதுலேருந்தே அவன் அப்படித்தான் மிஸ்ஸி. பாவம், அப்பா மேல உசிரு"ன்னாங்க. உசிருதான், யாரு இல்லன்னா. வேலையை விட்டுரலாம்னு ரயில்ல வரும்போதெல்லாம் நினைப்பேன். நான் போயிட்டா, சுவிட்ச்சைத் திருப்பிப் போட யாரு இருக்கா. காலையில மாடி ஏறும்போது கதவுக்கு வெளிய நின்னு காதைத் தீட்டிக் கேப்பேன். டொக்குன்னு கேட்டப்புறம்தான் பெல் அடிப்பேன். அந்தச் சத்தம் கேக்கற வரைக்கும் எனக்கும்தான் மூச்சு வராது.

கடைசி போர்டு தயாரான அன்னிக்கு நல்ல மழை பேஞ்சு விட்டிருந்துச்சு. கையகலம்தான் இருக்கும். பின்பக்கம் திருப்பிக் காமிச்சாரு. கோடெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு வந்து ஒரே புள்ளியில சேருது. கோலம் மாதிரி அழகா இருந்துச்சு, பொய் சொல்லமாட்டேன். ஒரு நாற்காலி மேல ஸ்பீக்கரை வச்சு, மைக்கை மாட்டாமயே ஆன் பண்ணினாரு. சத்தமே இல்ல.

"ஆன்ல இருக்காண்ணே?"

"இருக்கு." சிரிச்சாரு. அவரு பல்லை நான் பாத்தது அந்த ஒரு தடவைதான். மைக்கை மாட்டிப் போர்வை ஓரத்துல உரசினாரு. ஸ்பீக்கர்ல துணி நூல் நூலாக் கேட்டுச்சு. ஹம் சுத்தமா இல்ல.

மைக்கை அப்பா உதட்டுகிட்ட கிளிப் போட்டாரு. டொக்கு, புஸ்ஸு, டொக்கு, ரூம் அதிர்ற மாதிரி. என்னைப் பாத்தாரு. "இதுதான் கடைசி மிஸ்ஸி. சத்தியமா. அவரு சொல்றதைக் கேட்டுட்டா அப்புறம் இதைத் தொடவே மாட்டேன்." நான் சிலிண்டரைத் தயாரா கையில வச்சுக்கிட்டேன். வேற என்ன செய்யிறதுன்னு தெரியல. அவரு ஜன்னலைச் சாத்தினாரு, ஃபேனை நிறுத்தினாரு, ஃபிரிட்ஜை நிறுத்திட்டு வந்தாரு. அப்பாவோட உதடு அதுக்குள்ள அசைய ஆரம்பிச்சிருச்சு. மெஷின் நின்னுச்சு.

முதல்ல மூச்சுதான் கேட்டுச்சு. அப்புறம் காஞ்ச நாக்கு அண்ணத்துல ஒட்டிப் பிரியிற சத்தம். அப்புறம் குரல். அது நாள் வரைக்கும் நான் கேக்காத அப்பாவோட குரல், பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி அவ்வளவு தெளிவா.

"நிறுத்தாதய்யா. மெஷின நிறுத்தாத."

அவரு விரல் பாதி தூக்கினபடி அப்படியே நிக்குது.

"நீ உள்ள வந்தாலே பயமா இருக்குய்யா. நிறுத்திருவியோன்னு பயமா இருக்கு."

நான் சிலிண்டரை மாட்ட ஓடினேன். அதுக்குள்ள அவரு சுவிட்ச்சுகிட்ட குனிஞ்சுட்டாரு. முதல் தடவை சுவிட்ச் பிடிபடல. டொக்குன்னு சத்தம் திரும்ப வந்துச்சு. அவரு அங்கேயே தரையில உக்காந்துட்டாரு. ஸ்பீக்கர்ல டொக்கு, புஸ்ஸுன்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு, யாரும் அதை அணைக்கல. இத்தனை நாளா அப்பா சொல்ல வந்தது இது ஒண்ணுதான். அதைக் கேக்கணும்னு இவரு சுவிட்ச்சை அணைக்க அணைக்க, அப்பா இன்னும் இன்னும் அதையேதான் சொல்லியிருக்காரு. 

அதுக்கப்புறம் அவரு ரூமுக்குள்ள போகல. வாசல்ல, அப்பா கண்ணுல படாத மாதிரி சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு, "அப்பா சாப்பிட்டாரா மிஸ்ஸி"ன்னு என்னைக் கேப்பாரு. உள்ள வாங்கண்ணேன்னா, "வேண்டாம், பயப்படுறாரு"ம்பாரு. மேசை மேல இருந்த அட்டைத் துண்டு, பென்சில் எல்லாம் காணாமப் போச்சு. ஆம்பிளிஃபையரும் எங்க போச்சுன்னு தெரியல.

பிறகு ஒரு நாள் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்ல ரெண்டு மூடி செஞ்சு எடுத்துட்டு வந்தாரு. மெஷின் சுவிட்சுக்கு ஒண்ணு, சுவத்துல இருக்கிற சுவிட்சுக்கு ஒண்ணு. அப்பா பாக்கப் பாக்க நாலு மூலையிலயும் ஸ்க்ரூ போட்டு முடுக்கினாரு. விரலால தட்ட முடியாதுன்னு தட்டிக் காமிச்சாரு. அப்புறம் அந்த ஸ்க்ரூ டிரைவரை அப்பா கையில கொடுத்து, கையை மூடி, தலையணைக்கு அடியில வச்சாரு. "உங்ககிட்டதான் இருக்கு. நான் கேட்டாலும் தராதீங்க." அப்பா அவரையே பாத்துக்கிட்டிருந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் உதடு அசையாம நின்னுச்சு.

அதுலேருந்து ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்தாங்க. ஃபேன் ஓடும், மெஷின் ஓடும், பின்னால ரயில் போகும். அவரு கட்டில் பக்கத்துல உக்காந்து அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டிருப்பாரு. அப்பா உதடு எப்பவாவது அசைஞ்சா, காதை உதட்டுல ஒட்டி வைப்பாரு. கேக்குதாண்ணேன்னா, "இல்ல மிஸ்ஸி, பரவால்ல"ம்பாரு.

அப்பா தூக்கத்துலயே போனாரு. மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்போதே. நான் அன்னிக்கு லீவு.

காரியமெல்லாம் முடிஞ்சு, என்னோட பிரஷர் பாக்கிற சாமானை எடுக்கப் போனேன். மாடிப்படி ஏறும்போதே காது தானா அதைத் தேடுச்சு. கதவுகிட்ட போனதும் கேட்டுச்சு. டொக்கு, புஸ்ஸு. பெல் அடிக்கப் போன கை அப்படியே நின்னுருச்சு. 

அவருதான் கதவைத் திறந்தாரு. ஃபேன் ஓடுது, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கு, ரயில் சத்தம் வீடு பூரா. நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவரு விரலைத் தூக்கல. நான் சொன்னது அவரு காதுல விழுந்துச்சான்னே தெரியல. உள்ள போயி பாத்தேன். கட்டில் காலி. வெள்ளைத் துணி விரிச்சு, தலையணை மேல டியூபைச் சுருட்டாம அப்படியே வச்சிருக்கு, காத்து வந்துக்கிட்டே இருக்கு. வாடகை மெஷின், நாளைக்கு ஆள் வந்து எடுத்துருவாங்க. இப்படி ஓடவிட்டு இந்த மனுஷன் ஒத்தையில படுத்துத் தூங்கினா மனசு என்னத்துக்கு ஆகும்னு எனக்கு பயம் வந்துருச்சு. தலையணைக்கு அடியில கையை விட்டேன். ஸ்க்ரூ டிரைவர் அங்கதான் இருந்துச்சு.

"நிறுத்திரட்டுமாண்ணே?"

அவரு வாசல்ல, சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தாரு. ரூமுக்குள்ள வரல.

"வேண்டாம் மிஸ்ஸி. அப்பா பயப்படுவாரு."

நான் அதைத் திரும்பவும் தலையணைக்கு அடியிலேயே வச்சுட்டு வந்துட்டேன்.